பெட்டி மூடியின் உட்பக்கம்

உப்புச் சுவரில் எனாமல் பெயின்ட் நிற்காது. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் மதிலில் படம் கீறப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் ஓடிப்போய்ச் சொன்னது அதைத்தான். தலைமன்னார் மதில் ஒவ்வொன்றும் கடலைக் குடித்து வைத்திருக்கிறது. எனாமல் அதன் வாயை அடைத்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும்போது பூச்சு அப்பளம்போலப் பொருமி உதிரும். கம்பித் தூரிகையால் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவி, நாலு வெயில் காயவிட்டு, அதன் பிறகு எமல்ஷன் பூச வேண்டும். பிள்ளைகள் கேட்டார்கள். 2019 ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் படம் கீற வாளியும் தூரிகையுமாய்த் தெருவில் இறங்கியபோது இவர்கள் சின்னப் பிள்ளைகள். அப்போது பிடித்த ஆசை இப்போதுதான் கைகூடுகிறது.

சின்னத் தாளில் கட்டம் போட்டு, மதிலிலும் கட்டம் போட்டு, ஒரு பெருக்கமரத்தைக் கீறினார்கள். கீழே இரண்டு கழுதைகள். "எங்கட ஊர் அடையாளம், மாமா" என்றாள் ஒருத்தி.

எனக்கு அந்தச் சொல் இனித்தது. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அரபு வணிகர்கள் கொண்டுவந்து வைத்தது என்பார்கள். கழுதைக்கும் அதே கதைதான். வந்த மரத்துக்கும் வந்த மிருகத்துக்கும் இந்த மண் மனம் கோணாமல் இடம் கொடுத்திருக்கிறது. அதே மண்ணில் கால்வைத்த மனிதர்களை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து இந்தக் கரையில் இறங்கியவர்கள், இங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழிநெடுக விழுந்தார்கள். அவர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023 ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் நடந்தார்கள். அந்த நடையைப் பார்த்த அன்றைக்கு எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது.

பெரியப்பா படகுக்குப் பெயர் எழுதுகிறவர். தலைமன்னார்ப் பியரடியில், கப்பல் கட்டும் துறையில், அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கு எழுதியது. மலையிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு அந்தச் சனமே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தது. கோச்சி பியரில் வந்து நிற்கும். 'இராமானுஜம்' கப்பல் காத்திருக்கும். இடையில் கிடைக்கிற நேரத்தில் பெரியப்பா தகரப் பெட்டிகளில் வெள்ளைப் பெயின்டால் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுப்பார். நான் டின்னைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

ஒருநாள் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கலாம். காகிதத்தில் இருந்த ஊர்ப் பெயரை அவவுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அது தாத்தா பிறந்த ஊராம். பெரியப்பா எழுத்துக் கூட்டி எழுதி முடித்தார். அவ போகவில்லை. பெட்டியைத் திறந்து, மூடியின் உட்பக்கத்தைக் காட்டி, "இங்கன எங்க தோட்டத்துப் பேரும் லயத்து நம்பரும் எழுதிருங்க ஐயா" என்றா.

"அங்கதான் இனிப் போறதில்லையே, அம்மா?"

"பெட்டி தொலைஞ்சு போச்சுன்னா எங்க திருப்பி அனுப்புவாங்க?"

பெரியப்பா எழுதினார். வெளியே எழுதியதைவிட மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் வைத்து எழுதினார். படகுக்கு மட்டும்தான் அவர் நிழல் வைப்பார். பெயின்ட் காயும் வரை அந்த அம்மா மூடியை மூடாமல் கையால் தாங்கிக்கொண்டே வரிசையில் நகர்ந்தா. காசு வாங்கினாரா என்று எனக்கு ஞாபகமில்லை. அந்தத் திறந்த மூடி மட்டும் கூட்டத்துக்குள் போய் மறைந்தது இன்றைக்கும் தெரிகிறது.

விலாசம் என்றதும் எனக்கு இன்னொரு இடமும் நினைவுக்கு வரும். சென்னையில் கண்ணகி நகர் என்று ஒரு குடியிருப்பு. ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்த இடம். அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ளவர்கள் சொல்லிவந்தார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பின் ஓவியர்கள் அந்த மாடிச் சுவர்களில் ஆளுயரத்தைத் தாண்டிய முகங்களை வரைந்தார்கள். நிறம் பூசினால் தண்ணீர்க் குழாய் வந்துவிடாது. அதை மறந்து ஓவியத்தைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் தன் விலாசத்தை ஒருவர் சுவரளவுக்குப் பெரிதாகப் பார்க்க முடிவது சிறிய காரியம் அல்ல என்று உறுதியாக நம்புகிறேன். அந்த அம்மாவுக்கு ஒரு மூடிதான் கிடைத்தது, அதுவும் உட்பக்கம்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மரத்தடியில், கழுதைகளுக்குப் பக்கத்தில், திறந்திருக்கிற ஒரு தகரப் பெட்டியை அன்றைக்கே கீறிவிட்டார்கள். "மூடியில என்ன தோட்டம் எழுதுறது மாமா?" என்று கேட்டார்கள். பெயர் எனக்கு நினைவில்லை. ஹற்றன் பக்கமா, பதுளைப் பக்கமா, அதுவும் தெரியாது.

"அப்ப எல்லாத்தையும் எழுதுவம்" என்றாள் அவர்களில் சின்னவள். போனில் தேடி ஒருவன் தோட்டப் பெயர்களை வாசிக்கிறான், மற்றவர்கள் எழுதுகிறார்கள். மூடி போதவில்லை. எழுத்து மதிலில் இறங்கி, வேரடியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மதில் வரை வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறோம். நான் பெரியப்பாவின் தட்டைத் தூரிகையைத் தேடியெடுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன். எழுத்துக்கு நிழல் வைக்க இவர்கள் இன்னும் பழகவில்லை.