பிடித்தம் உண்டு, காப்பீடு இல்லை

என் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன். நான் இந்தியன். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். இருவரும் புதுச்சேரியில் ஒரே வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள், ஒரே பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள்.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. தகப்பன் முடிவுதான் சின்னப் பிள்ளைகளுக்கும். அப்போது அண்ணனுக்கு வயது 16, எனக்கு 12.

அண்ணன் பிரான்சுக்குப் போய் கார் தொழிற்சாலையில் 35 வருஷம் உழைத்தார். நான் சென்னைக்கு வந்து எழிலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளினேன். அண்ணி காலமான பிறகு, 2019-இல், "தம்பி, கடைசிக் காலத்திலாவது சுற்றிலும் தமிழ் கேட்கணும்" என்று மந்தைவெளிக்கே வந்துவிட்டார். எங்கள் தெருவிலேயே முதல் மாடியில் ஒரு வாடகை வீடு. காலையில் இருவரும் மார்க்கெட் வரை நடந்து, கீரை வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

அவர் பர்ஸில் ஒரு பச்சை அட்டை எப்போதும் இருக்கும். 'கார்த் வித்தால்' என்பார்கள். பிரான்சில் டாக்டரிடமும் மருந்துக்கடையிலும் அதைக் காட்டினால் போதும், அரசுக் காப்பீட்டின் பங்கு தானாகவே வந்துவிடும். அந்த அட்டையை அவர் சாமி படம்போல் வைத்திருந்தார்.

2023 மழைக்காலத்தில் ஒரு நாள் மாடிப்படி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. 108-க்கு போன் செய்து, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கவுன்டரில் இருந்த பெண், "இன்ஷூரன்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அண்ணன் பச்சை அட்டையை நீட்டினார். அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கம்பெனி சார்?" என்றாள். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவசரமாக என் ஏ.டி.எம். கார்டை எடுத்து முன்பணம் கட்டினேன்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலிக்கு நடுவிலும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மாசாமாசம் பென்ஷனில் பிடிக்கிறானே தம்பி, அது எதுக்கு?"

நியாயமான கேள்வி. அவருடைய பென்ஷன் தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து, மேஜை விளக்கடியில் உட்கார்ந்து படித்தேன். வெளிநாட்டில் குடியிருக்கும் பிரெஞ்சு ஓய்வூதியருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 3.2 சதவீதம் மருத்துவத்துக்காகப் பிடிக்கிறார்கள். ஆனால் அது அவர் பிரான்சுக்குத் தற்காலிகமாகப் போகும்போது அங்கே செய்துகொள்ளும் வைத்தியத்துக்கு மட்டும். அதற்கும் 15 வருஷமாவது அங்கே காப்பீட்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மந்தைவெளியில் விழுந்தால் ஒரு சென்ட்டும் கிடையாது. இங்கேயும் காப்பீடு வேண்டுமென்றால், வெளிநாட்டு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான தனி நிதியத்தில் விருப்பப்பட்டுச் சேர்ந்து தனிச் சந்தா கட்ட வேண்டும். 'சே.எஃப்.ஏ.' என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். அண்ணன் சேரவில்லை. பிடித்தம் நடக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொன்று என்று இருந்துவிட்டார்.

அப்போது என் பென்ஷனிலும் மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். தமிழக அரசின் ஓய்வூதியர் காப்பீடு, எனக்கும் என் மனைவிக்கும். நானும் அந்த ஆணையை முழுசாகப் படித்ததில்லை என்பது அன்றிரவுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் பிரான்சிலிருந்து அண்ணன் மகன் பேசினான். "சித்தப்பா, ஒரு வழி இருக்கு. பிரான்சில் குடியிருக்கிறவர் வெளிநாடு போன இடத்தில் திடீர்னு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், பில்லை வைத்துத் திருப்பிக் கேட்கலாம். அப்பா அட்ரஸ் இன்னும் எங்க வீட்டில்தான் இருக்கு. ஊர் பார்க்க வந்த இடத்தில் விழுந்ததா எழுதிடுங்க. பிரெஞ்சு உங்களுக்குத்தானே நல்லா வரும்."

படிவத்தை அனுப்பினான். அச்செடுத்தேன். பேனாவையும் திறந்தேன். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் வரை எழுதினேன். 33 வருஷம் மற்றவர்களின் படிவங்களைச் சரிபார்த்தவன் நான். வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் பிரான்சில் இருப்பவரே அங்கே குடியிருப்பவர். அண்ணனோ நாலு வருஷமாக இங்கே கீரை வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் பில் சிறியதல்ல. எழுதாவிட்டால் அவர் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். முடிவெடுக்க நான் யார்? படிவத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அவரிடமே படித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் என்ன, ஊர் பார்க்கவா வந்தேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கே 35 வருஷமும் எங்கிருந்து வந்தேன்னு கேட்டான். இங்கே நானே விருந்தாளின்னு கையெழுத்துப் போடணுமா? வேண்டாம் தம்பி. என் பணத்தை எடு" என்றார்.

எடுத்தோம். மகனுக்கு வருத்தம்தான். இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு சமாதானமாகிவிட்டான்.

அண்ணன் இப்போது அந்த நிதியத்தில் சேர்ந்துவிட்டார். தாமதமாகச் சேர்ந்ததால் அந்த வயதுக்கு ஆறு மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதமும் அவரை மாடிப்படி பக்கமே விடவில்லை. வீட்டையும் தரைத்தளத்துக்கு மாற்றினோம். இந்தியக் கம்பெனிகளிடமும் விசாரித்தோம். 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி தரவேண்டியதில்லை என்ற வரம்பு 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம், பிரீமியமும் அதிகம்.

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் நண்பர்களும், பிள்ளைகளோடு இருக்க வெளிநாடு போகும் நண்பர்களும் பெட்டி கட்டும் முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: "நான் குடியிருக்கப்போகும் ஊரில் விழுந்தால் பணம் கட்டுவது யார்?" பிடித்தம் நடக்கிறது என்பது பதில் ஆகாது.

அண்ணன் இன்றும் கைத்தடியோடு மார்க்கெட்டுக்கு வருகிறார். பச்சை அட்டை இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது. பேரன் கல்யாணத்துக்குப் பிரான்சு போகும்போது உதவும் என்கிறார். உதவும், நானே படித்துப் பார்த்துவிட்டேன்.