குழித்துறையில் ஒரு கடல் யந்திரம்

குழித்துறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆடி அமாவாசையன்று போவார்கள். ஆற்றில் ஸ்நானம், பிதுர்களுக்குப் பலி, பிறகு வாவுபலிக் கண்காட்சியில் மரக்கன்று பேரம். அடியேன் போனதோ இடவப்பாதிக்குச் சற்று முன்னால். கண்டது ஒரு படகு யந்திரத்தை!

கடலில்லாத ஊரில் படகு யந்திரமா என்று கேட்பீர்கள். குழித்துறையைத் தொட்டுச் செல்லும் தாமிரபரணி (திருநெல்வேலி ஆறு வேறு) தேங்காய்ப்பட்டணத்தில் சமுத்திரத்தை அடைகிறது. அங்கே வள்ளம் விடும் என் பழைய மாணவன், மழைக்காலம் முடியும்வரை யந்திரத்தை மாமனார் வீட்டில் வைக்க ஆட்டோவில் கொண்டுவந்திருந்தான். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் 61 நாள் தடை. வள்ளக்காரருக்கு அலையே தடை போட்டுவிடுகிறது.

"உப்புக் காற்று படாத இடம் வேணும், சாரே" என்றான்.

கட்டுமரமென்றால் கயிற்றை அவிழ்த்து, மரங்களை வெயிலில் காயப்போட்டால் போதும். யந்திரம் அப்படி விடுமா? போன வருஷம் கழுவாமலே மூலையில் சாத்திவிட்டான். குளிர்ச்சிக்காக ஜலம் ஓடும் குழாயில் உப்பு இறுகி, நடுக்கடலில் யந்திரம் சூடேறி நின்றது. வேறொரு வள்ளம் இழுத்து வந்தது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

இம்முறை ஒரு பீப்பாய் நிறையக் கிணற்று ஜலம். யந்திரத்தின் காலை அதில் இறக்கி ஓடவிட்டான். பின்புறம் மெல்லிய தாரை பீறிட்டது. ஓடுவது மண்ணெண்ணெயில், கிளப்பவும் நிறுத்தவும் பெட்ரோல். பெட்ரோல் குழாயைக் கழற்றியதும், மிச்சத்தைக் குடித்துத் தானே அடங்கியது. தேங்கினால் கார்புரேட்டரில் பிசினாகப் படியுமாம். பிளக்கைக் கழற்றி உள்ளே சிறிது எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக நாலு தரம் இழுத்தான்.

1909-ல் இவ்வகை யந்திரங்களை விற்கத் தொடங்கிய ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தவர். அங்கே ஏரிகள் உறையும். யந்திரத்துக்குள் தங்கிய ஜலமும் உறைந்து கூட்டைப் பிளக்கும். நமக்குப் பனியில்லை, உப்பு இருக்கிறது.

கடைசியில் விசிறிக்கு அருகேயுள்ள திருகைக் கழற்றினான். கறுப்பாக வரவேண்டிய கியர் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் வந்தது. பையன் முகம் வாடிற்று. எங்கோ சீல் தேய்ந்து கடல் ஜலம் புகுந்திருக்கிறது. இரண்டு மாதம் அப்படியே கிடந்திருந்தால் பற்சக்கரங்களைத் துரு தின்றிருக்கும்.

"இருங்க சாரே" என்று, சீல் வாங்க அப்போதே மார்த்தாண்டத்துக்கு ஓடினான். மாமியார் ஒரு பழைய சேலையை எடுத்து வந்து யந்திரத்தின்மேல் போர்த்தினார். அவன் திரும்பும்வரை நான் திண்ணையில் அதற்குக் காவலிருந்தேன்.