25 வருஷ டூரை இன்றே வாங்கலாமா? கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு டைம்ஷேர் கணக்கு!

தேனியிலிருந்து குமுளி சுமார் 60 கிலோமீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் வரிசைகட்டும். இருபுறமும் நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல்கள். 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி வந்து தந்த பச்சை இது. லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு மலையேறினால் குமுளி, அடுத்து தேக்கடி. தேனியிலிருந்து போடி பக்கம் திரும்பினால் போடிமெட்டு வழியாக மூணாறு.

இந்த மலைகளைச் சுற்றி டைம்ஷேர் ரிசார்ட்டுகளும் இருக்கின்றன. 1963-லேயே சுவிட்சர்லாந்தில் தொடங்கிய யோசனை இது. இங்கே 1986-ல் ஸ்டெர்லிங், 1996-ல் மஹிந்திரா ஹாலிடேஸ் என இரண்டு பெரிய நிறுவனங்களும் சென்னையில் தொடங்கியவைதான். கொடைக்கானல், மூணாறில் ஸ்டெர்லிங்கும், மூணாறு, தேக்கடியில் கிளப் மஹிந்திராவும் இருக்கின்றன.

விஷயம் எளிது. மொத்தமாக ஒரு தொகை கட்டினால், 25 வருஷம் போலப் பல ஆண்டுகளுக்கு, வருஷம் ஏழு இரவு தங்கலாம். ஆனால், பொதுவாக நீங்கள் வாங்குவது அறையை அல்ல, தங்கும் உரிமையை மட்டுமே. பராமரிப்புக் கட்டணம் வருஷாவருஷம் தனி.

விற்கும் விதம்தான் உஷாராக இருக்க வேண்டிய இடம். மாலிலோ பெட்ரோல் பங்கிலோ ஒரு கூப்பன் நிரப்பச் சொல்வார்கள். 'பரிசு விழுந்திருக்கு, கணவன் மனைவி சேர்ந்து வாங்க' என்று போன் வரும். ஹோட்டலில் மணிக்கணக்கில் பேச்சு. கடைசியில், 'இந்த விலை இன்னைக்கு மட்டும்தான் சார்!' வீட்டுக்குப் போய் யோசிக்க விடாததுதான் இந்த வித்தையே.

நாம் யோசிப்போம். உதாரணத்துக்கு 4 லட்சம் ரூபாய் கட்டுகிறீர்கள். 25 வருஷத்துக்கு 175 இரவுகள். ஓர் இரவுக்கு சுமார் 2,286 ரூபாய். மலிவாகத் தெரிகிறதா? வருஷப் பராமரிப்பு 15,000 என்றால், இரவுக்கு இன்னும் 2,143 ரூபாய். அதே 4 லட்சத்தை 7 சதவிகித வட்டிக்கு டெபாசிட் செய்தால் வருஷம் 28,000 ரூபாய் வரும். பராமரிப்புப் பணத்தையும் சேர்த்தால் 43,000. இரவுக்கு 6,100 ரூபாய்க்கு மேல் செலவழித்து எந்த ஊரிலும் தங்கலாம். அசலும் அப்படியே இருக்கும்!

அப்படியானால் டைம்ஷேர் வீணா? இல்லை. வருஷம் தவறாமல் குடும்பத்தோடு கிளம்புபவர்கள், மாதங்களுக்கு முன்பே தேதி குறிப்பவர்கள், அறை வாடகை ஏறிக்கொண்டே போகும் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இது பலன் தரலாம். லீவே நிச்சயமில்லாதவர்கள், கடன் வாங்கி இ.எம்.ஐ கட்டுபவர்களுக்கு இது சுமை.

அதிலும் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க எந்த உறுப்பினர் அட்டையும் வேண்டாம். 2023 ஜூன் முதல் சென்னையிலிருந்து போடிக்கே ரயில் வருகிறது. தேனியிலோ கம்பத்திலோ அறை எடுத்து, ஒருநாள் சுருளி அருவி, ஒருநாள் சின்னமனூர் வழியாக மேகமலை, ஒருநாள் தேக்கடி என்று போய்வரலாம். புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க விளைகிறது. சீசனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு:

* ஏப்ரல், மே, தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவில் அறை கிடைக்குமா, உங்கள் 'சீசன்' எது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.
* பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறலாம் என்று கேளுங்கள்.
* ஐரோப்பிய யூனியனில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இங்கே டைம்ஷேருக்கெனத் தனிச் சட்டம் இல்லை. எத்தனை நாளுக்குள் முழுப் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
* வாயால் சொன்ன இலவசங்கள் எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கையெழுத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை இரவு வெளியூரில் சுற்றுலாவாகத் தங்கினீர்கள் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எண்ணுங்கள். 35-ஐத் தொடவில்லை என்றால், அந்தப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும்.