மீதியில் பிடிபடும் எண்

பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு மீதிக் கணக்கை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் குப்பங்களில் பாடு, அதாவது வலை கட்டும் உரிமை, முறைவைத்துச் சுற்றும். ஏழு பேருக்குள் சுற்றுகிற பாடு நூறாவது நாளில் யாருக்கு? 100ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. ஆக, இரண்டாமவருக்கு. வலைக்காரர் வீட்டுப் பிள்ளை இதைத் தாளில்லாமல் சொல்லும். பத்தாம் வகுப்பின் மட்டு எண்கணிதம் இதைவிடப் பெரிதாக எதையும் கேட்பதில்லை.

பகா எண்ணுக்குள்ளும் இந்த வாசல் வழியாகத்தான் கூட்டிப்போகிறேன். ஆறு பேருக்குள் ஒருவர் விட்டு ஒருவராகப் பாடு போனால் மூவருக்கு என்றைக்கும் முறை வராது. ஏழு பேர் என்றால், ஆறுக்குக் குறைவாக எத்தனை பேரைத் தாண்டித் தாண்டிப் போனாலும், திரும்ப முதலாமவரிடம் வருமுன் எல்லாருக்கும் ஒருமுறை வந்துவிடும். ஏழு பகா எண் என்பதால் கிடைக்கும் நியாயம் அது.

2024 அக்டோபரில் லூக் டூரான்ட் கண்டுபிடித்த பகா எண்ணைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது: 2இன் 13,62,79,841ஆம் அடுக்கு, கழித்தல் 1. விரித்து எழுதினால் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். முழுதாக எழுத யாராலும் ஆகாது. ஆனால் அதன் கடைசி இலக்கம் என்ன என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே முடிந்து சுற்றுகின்றன. அடுக்கை நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே 2இல் முடியும். ஒன்று கழித்தால் 1. கடைசி இரண்டு இலக்கங்களுக்கு இருபது படிச் சுற்று: விடை 51. ஏழால் வகுபடுமா? ஏழில் 2, 4, 1 என்று மூன்று படிச் சுற்று. அடுக்கின் இலக்கங்களைக் கூட்டினால் 41, மூன்றால் வகுக்க மீதி 2, எனவே 4. ஒன்று போக 3. வகுபடாது.

இப்படி ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்து இதை முடிக்க முடியாது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று கழித்தால் 2047, அது 23 × 89. அங்கேதான் லூக்காஸும் லேமரும் தந்த சோதனை வருகிறது. நான்கில் தொடங்கு, வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்து சுழியம் வந்தால் பகா எண்.

2இன் 7ஆம் அடுக்கில் ஒன்று கழித்த 127க்குப் பிள்ளைகளே செய்வார்கள்: 4, 14, 67, 42, 111, 0. வகுப்பு ஆரவாரிக்கும். பிறகு 2047ஐ எடுப்போம். ஒன்பது படி ஏறிய பிறகு 1736இல் நிற்கும். அதன் காரணிகள் 23, 89 என்று இந்தச் சோதனை எங்கேயும் சொல்லாது. பகா எண் இல்லை என்று மட்டும் சொல்லும். காரணியே தெரியாமல் எப்படிச் சொல்ல முடியும் என்று பிள்ளைகள் கேட்கும் வகுப்புக்காகத்தான் நான் ஆண்டு முழுக்கத் தயாராகிறேன்.