நாக்பாடாவில் பிறந்த படிப்பு

'ஏழைக்கு உதவுவதற்குமா ஒரு பட்டம்?' என்று வினவாத வீடு நம்மிடையே அரிது. மகன் மருத்துவம் பயில்கிறான் என்றால் மகிழ்கிறோம். மகள் கணினி பயில்கிறாள் என்றால் பெருமையடைகிறோம். சமூகப் பணியில் முதுகலை பயில மும்பைக்குப் போக விரும்புகிறாள் என்றால் மட்டும் வீட்டில் ஓர் அமைதி பரவுகிறது. பின்னர் யாரேனும் ஒருவர் மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, 'அது என்ன படிப்பு?' என்பார்.

அன்பு வாசகர்களே! அந்தக் கேள்விக்கு வீட்டில் அமர்ந்தவாறே விடை சொல்வது கடினம். ஆகவே உங்களை மும்பையின் சில தெருக்களுக்கு அழைத்துச் செல்கிறேன். இந்திய நுழைவாயிலையும் ஹாஜி அலி தர்காவையும் நீங்கள் தாமே பார்த்துக்கொள்வீர்கள். நாம் போக வேண்டிய இடங்களைச் சுற்றுலா வழிகாட்டிகள் காட்டமாட்டார்கள்.

மும்பை சென்ட்ரல் இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கிழக்கு நோக்கிச் சற்றே நடந்தால் நாக்பாடா. பள்ளிவாசல்களும், உருது எழுத்துப் பலகைகளும், ஒற்றை அறைக் குடியிருப்புகளை அடுக்கிவைத்தாற்போன்ற பழைய 'சால்' கட்டடங்களும், கபாப் புகையும் நிறைந்த பகுதி. மாலை வேளையாயின் கூடைப்பந்து தரையில் மோதும் ஓசையும் கேட்கும். இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 1970 ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முன்தஸிர் இந்தத் தெருக்களில் ஆடி வளர்ந்தவர்தாம். இத்துணை நெருக்கடியான பேட்டையில் கூடைப்பந்து எங்கிருந்து வந்தது என்று தோன்றுகிறதா? அதற்கும் நம் படிப்புக்கும் தொடர்பு உண்டு.

1920களில் பம்பாய்க்கு வந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர், 1926 இல் இங்கே 'நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தோற்றுவித்தார். அக்கம்பக்க மக்களுக்கான பொது இல்லம் என்று இதனைக் கூறலாம். முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள் எனப் பலரும் கலந்து வாழ்ந்த, ஏழ்மை மிகுந்த பகுதி அது. 1884 இல் இலண்டனில் எழுந்த டாயின்பீ ஹாலும், 1889 இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நிறுவிய ஹல் ஹவுஸும் இதற்கு முன்னோடிகள். ஏழைகள் வாழும் தெருவிலேயே குடியிருந்து, அவர்களோடு சேர்ந்து படிப்பும் விளையாட்டும் மருத்துவமும் நடத்துவது அவ்வில்லங்களின் வழி.

சில ஆண்டுகளில் மான்ஷார்ட் ஓர் உண்மையைக் கண்டார். நல்ல உள்ளம் படைத்தோர் பலர் வருகிறார்கள். ஆனால் பயிற்சி பெற்றோர் எவருமில்லை. சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையினரிடம் இதனை அவர் எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1936 இல், இதே நாக்பாடா இல்லத்தில், இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்விக்கூடம் தொடங்கிற்று. 1944 இல் அது 'டாடா சமூக அறிவியல் கழகம்' எனப் பெயர் மாறியது. 1954 இல் தேவ்னாரில் அமைந்த தன் வளாகத்திற்குச் சென்றது. 1964 இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மான்ஷார்ட்டுக்குப் பின் 1941 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் போல் அதன் இயக்குநராயிருந்த ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர், தஞ்சைத் தமிழர்.

முஸ்லிம்கள் நிறைந்த ஒரு பேட்டையின் நடுவே, அப்பேட்டையின் வறுமையையே பாடநூலாகக் கொண்டு பிறந்த படிப்பு இது. 'நமக்கு அந்நியமான படிப்பு' என்று சொல்வோருக்கு இந்த ஒரு செய்தியே போதும் என்பது என் கருத்து.

அங்கிருந்து பைகுல்லா வரை நடந்து வாருங்கள். 1980களில் இத்தெருக்களின் நடைபாதைகளில் தகரமும் சாக்கும் கொண்டு கட்டிய குடிசைகள் வரிசையாக நின்றன. டாடா கழகத்தில் பயின்ற ஷீலா படேல், நாக்பாடா இல்லத்தில் பணியாற்றிவிட்டு, 1984 இல் தம் தோழியருடன் 'ஸ்பார்க்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு, நடைபாதைவாசிகளை அகற்றும் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் கூறிற்று. அப்போது ஸ்பார்க் அமைப்பினர் போர்வையோ உணவோ விநியோகிக்கப் புறப்படவில்லை. நடைபாதை மக்களையே உடன் வைத்துக்கொண்டு கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ ஆறாயிரம் குடும்பங்கள்! எந்த ஊர், எத்தனை ஆண்டுகளாக இங்கே, என்ன தொழில், எவ்வளவு கூலி என்று எழுதினார்கள். அதுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத மக்கள் முதன்முறையாகத் தாளில் தோன்றினர். பின்னர் 'மஹிளா மிலன்' என்று அணிதிரண்ட அந்தப் பெண்களில் முஸ்லிம் பெண்கள் பலர். கூலிப் பணத்தில் சிறுகச் சிறுகச் சேமித்து, வீட்டின் அளவைத் தாமே வரைந்து, அதிகாரிகளுக்கு எதிரே அமர்ந்து பேசினார்கள்.

அவர்களோடு கைகோத்தவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர், தச்சுத் தொழிலாளி, சமூகப் பணியில் எந்தப் பட்டமும் பெறாதவர். 2000 ஆம் ஆண்டில் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 2018 இல் காலமானார். 'பார்த்தீர்களா, பட்டமில்லாமலே சாதித்துவிட்டாரே!' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பட்டம் பெற்றவர்கள் அவருக்குத் தலைவர்களாகாமல் துணைவர்களாக நின்றார்கள். அப்படி நிற்கத் தெரிவதும் இப்படிப்பின் பாடங்களில் ஒன்றே என்று நான் கருதுகிறேன்.

இனி ஹார்பர் இரயில் ஏறுவோம். குர்லா, செம்பூர் கடந்தால் கோவண்டி. அங்கிருந்து சயான் - டிராம்பே நெடுஞ்சாலையை அடைந்தால், தேவ்னார் பேருந்துப் பணிமனைக்கு எதிரே டாடா கழகத்தின் வாயில். உள்ளே மர நிழல், நூலகம், விடுதி, தேநீர்க் கோப்பையுடன் விவாதிக்கும் மாணவர்கள். மும்பையின் இரைச்சலுக்கு நடுவே இத்தகைய அமைதியான இடமா என்று வியப்பீர்கள்.

அந்த வியப்பு நீடிக்காது. வளாகத்தைச் சூழ்ந்திருப்பது 'எம்-கிழக்கு' என்னும் மாநகராட்சிப் பகுதி. 2009 இல் வெளிவந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, நகரின் 24 பகுதிகளில் இதனையே கடைசியில் வைத்தது. 1927 முதல் நகரின் குப்பையைச் சுமந்துவரும் தேவ்னார்க் குப்பை மேடு இங்கேதான் இருக்கிறது. 2016 ஜனவரியில் அது தீப்பற்றியபோது எழுந்த புகை, விண்வெளிப் படங்களிலும் தெரிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஆடுகள் இலட்சக்கணக்கில் வந்திறங்கும் தேவ்னார் இறைச்சிக்கூடமும் இங்கேதான். மேட்டின் ஓரத்திலே ஷிவாஜி நகர், பைங்கன்வாடி முதலிய குடியிருப்புகள். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். குப்பையைக் கிளறிப் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கி விற்றுப் பிழைப்போர் அநேகர்.

இரண்டாண்டுப் படிப்பில் பாதி இத்தகைய தெருக்களில்தான் நடைபெறுகிறது. வாரத்தில் சில நாட்கள் வகுப்பு. இரண்டு நாட்கள் களப்பணி. சிலர் மருத்துவமனைக்கு, சிலர் பள்ளிக்கு, சிலர் சிறைக்கு, சிலர் குடிசைப் பகுதிக்கு அனுப்பப்படுவர். திரும்பி வந்ததும் அன்று நிகழ்ந்ததை எழுத வேண்டும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுத வேண்டும். பொறுப்பாசிரியர் அதை வரிவரியாகப் படித்துவிட்டு எதிரே அமர வைத்துக் கேட்பார்.

என் ராத்தாவின் மகள் 2018 இல் இங்கே முதலாண்டு மாணவி. ஷிவாஜி நகரில் அவளுக்குக் களப்பணி. அரபு எழுத்துப் பழக்கத்தால் உருதுப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள், பொருள்தான் விளங்காது. ஒரு நாள் கணவனை இழந்த ஒரு பெண்ணைச் சந்தித்தாள். இரண்டு பிள்ளைகள், பள்ளிக் கட்டணம் பாக்கி. விடுதிச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட எண்ணினாள். அதை ஆசிரியையிடம் சொன்னபோது, 'அடுத்த மாதம் யார் கொடுப்பார்?' என்று ஒரே கேள்வி கேட்டாராம். மனமுடைந்து தொலைபேசியில் அழுதாள். அதைக் கேட்ட மச்சான் கொதித்துவிட்டார். 'தர்மம் செய்யாதே என்று சொல்கிற படிப்பு என் மகளுக்கு வேண்டாம். நீ போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா!' என்று என்னிடம் கூறினார். நான் மும்பை சென்றது அதற்காகத்தான்.

மூன்று நாட்கள் தங்கினேன். மறுநாளே களப்பணிக்கு உடன் புறப்பட்டேன். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் என்னை அழைத்துச் செல்ல அவள் இணங்கவில்லை. 'அவர்கள் சொல்வது எனக்கு மட்டும் சொன்னது மாமா' என்று கூறி, சந்து முனைத் தேநீர்க் கடையில் உட்கார வைத்துவிட்டாள். மாமாவுக்கே இந்த நிலை! குப்பை லாரிகளை எண்ணிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருந்தேன்.

பிறகு அவள் புர்கா அணிந்த ஒரு பெண்மணியுடன் வந்தாள். அரசு அலுவலகத்திற்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. நைந்த நெகிழிக் கோப்பு ஒன்று அப்பெண்மணியின் கையில் இருந்தது. 'உனக்குத்தான் படிக்கத் தெரியும், நீ வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா?' என்று பின்னர் கேட்டேன். 'கோப்பு அவர் கையில்தான் இருக்க வேண்டும். மனுக் கொடுக்கும் சாளரத்தில் அவர்தாம் பேச வேண்டும். நான் அடுத்த ஆண்டு இருக்கமாட்டேன் அல்லவா?' என்றாள்.

அலைச்சல் அனைத்தும் 'சஞ்சய் காந்தி நிராதார்' உதவித்தொகைக்காக. மகாராஷ்டிர அரசு, ஆதரவற்றோருக்கும் விதவைகளுக்கும் மாதந்தோறும் வழங்கும் தொகை அது. கணவன் இறந்ததோ வடநாட்டுச் சொந்தக் கிராமத்தில். இறப்புச் சான்றிதழ் அங்கிருந்து வர வேண்டும். வருமானச் சான்று, வசிப்பிடச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை. உத்தரவு வரச் சில மாதங்கள் ஆயின. தொகை பெரியதன்று. ஆயினும் அது அவருடைய உரிமை. எவருடைய தயவும் அன்று.

பள்ளிக் கட்டணம் என்னாயிற்று என்று நீங்கள் கேட்பது சரியே. அப்பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகம் தன் ஜகாத் நிதியிலிருந்து அதைச் செலுத்திற்று. விண்ணப்பம் எழுதச் சொல்லித்தந்தவர் அதே ஆசிரியைதான். ஜகாத்தை அவர் ஒருபோதும் மறுக்கவில்லை. மாணவி கொடுப்பவளாகவும் அந்தப் பெண் வாங்குபவராகவும் ஆகிவிட்டால், பிறகு மனம் திறந்த பேச்சுக்கு இடமிராது என்பதே அவர் கவலை. வாங்கியவர் நன்றி மட்டுமே சொல்வார், குறையைச் சொல்லமாட்டார். நம் வீட்டுத் தலைவாயிலில் ரமலானில் கைநீட்டி நிற்போரிடம் இதுவரை எத்தனை பேரின் குறையை நாம் கேட்டிருக்கிறோம் என்று அன்றிரவு உறக்கமின்றி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பி மச்சானிடம் இவற்றைச் சொன்னேன். அவர் உடனே இணங்கிவிடவில்லை. 'பார்க்கலாம்' என்றார். அந்தப் 'பார்க்கலாம்' இரண்டாண்டுகள் நீண்டு, அவள் பட்டமும் பெற்றுவிட்டாள்.

இக்கழகத்தின் களப்பணியிலிருந்து முளைத்தவை நாட்டுக்கே பயன்பட்டன. துன்புறுத்தப்படும் பெண்களுக்காக 1984 இல் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்திலேயே தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்கான 1098 என்னும் தொலைபேசிச் சேவையும் 1996 இல் இங்கே தோன்றியதுதான்.

நேரமிருந்தால் சீட்டா கேம்ப் சென்று வாருங்கள். முன்பு அணுசக்தி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்ற பெருங்குடியிருப்பு இருந்தது. 1976 இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அதனை இடித்துவிட்டு மக்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஜாக்கின் அற்புதம் போராடியது அந்தக் காலனிக்காகத்தான். இன்றும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் திரளாக வாழ்கிறார்கள். தமிழிலேயே விலை கேட்டு மீன் வாங்கலாம்.

எந்தப் பாடத்திலும் இளங்கலைப் பட்டம் பெற்றவர்கள் இம்முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. மும்பை தொலைவு என்று கருதுவோருக்குச் சென்னை எழும்பூரில், 1952 இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தோற்றுவித்த சமூகப் பணிப் பள்ளி இருக்கிறது. விடுதி, உணவு, உதவித்தொகை பற்றிய விவரங்களை நேரில் சென்று கேட்டறிவதே நல்லது; ஆண்டுதோறும் மாறுகின்றன.

மகளைத் தேவ்னாருக்கு அனுப்புவதானால், உறுதியான குடையும் ரப்பர்ச் செருப்பும் தவறாமல் கொடுத்தனுப்புங்கள். மழைக்காலத்தில் அந்தச் சந்துகளில் தண்ணீர் தேங்கிவிடும். ஆனால் மழை என்பதற்காகக் களப்பணிக்கு விடுமுறை கிடையாது.