சிக்னல் மேல போட்ட பழி

2022இல் எரிபொருள் இல்லாம கம்பஸ் ஒன்லைனுக்குப் போனப்ப, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்துல நாங்க மூணு பேர், ஒரே லெப்டொப். பக்கம் பாதி திறக்கும், அப்படியே உறைஞ்சிடும். உடனே தேயிலை மலைக்கு மேல இருக்கிற பாறைக்கு ஓடுவோம். சிக்னல் கிடைக்கிறதே அங்கதான், வேற என்ன நினைக்கத் தோணும்? அட்டைக்கடிதான் மிச்சம். பாறையிலயும் அதே உறைதல்.

எங்கள்ல ஒருத்தியோட அசைன்மென்ட் கெடு அப்படித்தான் தவறிச்சு. "சிக்னல் இல்ல சேர்" என்று எழுதினோம். சேர் உடனே நம்பினார். தோட்டத்துப் பிள்ளைங்க சொன்னா யாரும் மறுகேள்வி கேட்காத காரணம் அது.

பிறகுதான் கவனிச்சோம்: போன்ல சிக்னல் முழுசா இருக்கு, லெப்டொப்ல மவுஸ்கூட நகரல. சிக்னல் கோளாறுன்னா புதுப்பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும், ஏற்கனவே திறந்த பக்கங்கள் நகரும். எல்லாமே சேர்ந்து நின்னா மெஷினைத்தான் முதல்ல பார்க்கணும். விண்டோஸ் குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அமுக்கினா, எது எவ்வளவு நினைவகத்தைத் தின்னுதுன்னு பட்டியல் வரும். எங்களிடம் இருந்ததே 4 ஜிபி. பட்டியல்ல முதலிடம், படம் இறக்கத் தம்பி போட்ட எக்ஸ்டென்ஷனுக்கு. தூக்கினோம். 'பிறகு வாசிக்கலாம்'னு திறந்து வச்ச பி.டி.எஃப்களையும் மூடினோம். உறையிறது நின்னுச்சு.

தம்பி ரெண்டு நாள் பேசல. சேருக்கு நாங்க இன்னும் உண்மையைச் சொல்லல. ஸூம் வகுப்புக்கு மட்டும் இப்பவும் பாறைதான்.