கொலுவில் ஒரு பெரியாறு

புரட்டாசி அமாவாசை நெருங்கிவிட்டால் தமிழர் இல்லங்களில் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கத் தொடங்கும். படிகள் கட்டிப் பொம்மைகளை அடுக்குவது பெரியோர் பணி. படிகளின் அடியில் மணலைப் பரப்பி மலையும் வயலும் குளமும் சமைப்பது பிள்ளைகளின் உரிமை. தூவிய கேழ்வரகும் கடுகும் நான்கைந்து நாளில் முளைத்துப் பசும்பயிர் ஆகும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மணலில் பதிந்து தெப்பக்குளம் ஆகும். குளத்துக்குக் கண்ணாடி பொருந்துகிறது; ஆற்றுக்கு என்ன செய்வது? அதைப் பற்றி நாங்கள் அறிந்த சிலவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்க்கு இவ்வினா அத்துணை இடர் தராது. அவர்கள் நாள்தோறும் காண்பது காயல். காற்றில்லாத காலை வேளையில் அது கண்ணாடி போலவே கிடக்கும். நான்கு குச்சிகளும் கொசுவலைத் துண்டும் கொண்டு ஒரு சீனவலையைச் செய்து கரையில் நிறுத்திவிட்டால் காட்சி நிறைவுறும். ஆலுவாவில் வாழும் எங்களுக்கோ அருகில் ஓடுவது பெரியாறு. மலையில் பிறந்து, பாறையில் மோதி, இங்கே வந்து இரு கிளையாகப் பிரிந்து கடலை நாடும் ஆறு அது. கண்ணாடித் துண்டில் அது அடங்குமா?

எங்கள் பெரியோர் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஏலூருக்கு வந்தவர்கள். சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் எழுந்த உர ஆலை 1947-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியிருந்த காலம் அது. பெட்டி படுக்கையோடு அவர்கள் காவிரியையும் மனத்திற் சுமந்து வந்தனர். ஆதலால் எங்கள் கொலுவில் ஆறு என்றால் காவிரிதான். நீலத் தாளை நெளித்துப் போட்டு, மேலே ஈயத்தாளைக் கசக்கி ஒட்டினால் காவிரி வந்துவிடும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதில் யாரும் குறை கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேத்தி அதனருகே அமர்ந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “தாத்தா, இது எந்த ஆறு?” என்று கேட்டாள்.

“காவிரி, அம்மா.”

“ஓடுகிற மாதிரியே இல்லையே! நம்ம ஆற்றை ஏன் வைக்கக் கூடாது?”

நம்ம ஆறு என்று அவள் சொன்னது பெரியாற்றை. 1940-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மார்த்தாண்டவர்மா பாலத்தின் வழியே நாள்தோறும் பள்ளிக்குச் சென்று வருபவள் அவள். காவிரி அவளுக்குக் கதையில் வரும் ஆறு.

வீட்டின் மூத்தவரான அத்தைக்கு இது பிடிக்கவில்லை. “வீட்டுக்குள் புகுந்து பொம்மைகளை அழித்துவிட்டுப் போன ஆற்றுக்குக் கொலுவிலே இடமா?” என்றார். அவர் சொன்னது 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தை. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை முதியோர் வாய்க்கேட்டு வளர்ந்த ஊர் ஆலுவா. அதற்கு நிகரானதை அந்த ஆகஸ்டில் நாங்களே கண்டோம். கீழ்த்தளத்தில் இருந்த பெட்டிகளில் காகிதக்கூழ் பொம்மைகள் ஊறிக் குழைந்தன. சுட்ட மண் பொம்மைகள் உடல் பிழைத்து வண்ணம் இழந்தன. அவ்வாண்டு மூன்றே படிகளில், நிறமற்ற பொம்மைகளை வைத்து நவராத்திரியை நடத்தினோம்.

அத்தையின் சொல்லில் நியாயம் இருந்தது. எனினும் மழை பெருகும்போதெல்லாம் நடுங்கும் பிள்ளைக்கு அந்த ஆற்றைக் கூர்ந்து பார்க்கக் கற்பிப்பது நல்லது என்று எங்களுக்குத் தோன்றியது. அச்சம் பாராமையில் வளர்கிறது. “முதலில் ஆற்றைப் பார்த்து வருவோம், பிறகு முடிவு செய்யலாம்” என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

ஆலுவாவில் ஆறு அகன்று அமைதியாகச் செல்லும். அதன் துள்ளலைக் காண மேலே போகவேண்டும். பெரும்பாவூருக்குக் கிழக்கே, காட்டின் ஓரத்தில் பாணியேலிப் போர் என்றோர் இடம் உண்டு. பாறைகளோடு நீர் போரிடுவதால் வந்த பெயர் என்பர். ‘போர்’ எனும் சொல் நமக்கும் உரியதே. அங்கே நீரில் இறங்குதல் ஆபத்து. கரையில் அமர்ந்து காண்பதே முறை. பிள்ளைகளின் கையில் தாளும் பென்சிலும் கொடுத்து, எங்கெங்கே நீர் வெண்மையாகிறது என்று குறிக்கச் சொன்னோம்.

அவர்கள் கண்டுரைத்தவை வியப்பூட்டின. பாறையின் முன்புறத்தில் நுரை இல்லை. நீர் அங்கே வழவழப்பாக மேடிட்டு நிற்கிறது. பாறையைக் கடந்து கீழே விழும் இடத்தில்தான் காற்றை விழுங்கி வெளுக்கிறது. நுரை என்பது நீருக்குள் சிக்கிய காற்றே அல்லவா? இரு பாறைகளுக்கு நடுவே ஓடும் நீர் நாக்குப் போல் கூர்ந்து நீளுகிறது. கீழே மடுவில் நுரை இழை இழையாகப் பிரிந்து மறைகிறது. வளைவின் உட்புறத்தில் மணல் சேர்கிறது. வெளிப்புறத்தில் கரை அரிக்கப்பட்டு ஆழம் மிகுகிறது. நீலம் மட்டும் எங்கும் இல்லை. ஆழத்தில் கரும்பச்சை, ஓரத்தில் மண்ணின் பழுப்பு. நீரின் வண்ணம் பெரும்பாலும் அடித்தரையின் வண்ணமே.

“உண்மையான தண்ணீரையே விட்டுவிட்டால் என்ன?” என்று சிறுவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மலையைச் சுருக்கலாம், மரத்தைச் சுருக்கலாம். நீர்த்துளியைச் சுருக்க இயலாது. இரண்டு விரற்கடை அகல ஆற்றில் ஒரு துளி, பொம்மைக் குடிசையின் கூரை அளவு தெரியும். வேகமும் அவ்வாறே. அணைகளின் மாதிரிகளைச் செய்து ஆராயும் பொறியாளர்க்கு ஒரு கணக்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃபுரூடின் பெயரால் வழங்குவது அது. நூறில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரியில் நீர் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடினால்தான் உண்மைக்கு ஒக்கும். தமிழ்நாட்டில் பூண்டியிலும் இங்கே திருச்சூரை அடுத்த பீச்சியிலும் உள்ள ஆய்வு நிலையங்கள் இத்தகைய மாதிரிகளுக்குப் பெயர் பெற்றவை. கொலுவுக்கு ஓடாத நீரே தகும். ஓடுவதுபோல் தோன்றினால் போதும்.

நாங்கள் செய்த முறை இது. மூன்றடிப் பலகையில் தெர்மோகோல் துண்டுகளை அடுக்கிச் சரிவு அமைத்தோம். பாரிஸ் சாந்தில் தோய்த்த கட்டுத்துணியை அதன்மேல் போர்த்தி மலையாக்கினோம். காய்ந்தபின் ஆற்றங்கரைக் கூழாங்கற்களைப் பதித்து, கண்ட வண்ணங்களை அடித்தரையில் பூசினோம். அதன்மேல் நிறமற்ற வார்னிஷை மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது என ஐந்தாறு முறை பூசியவுடன் தரை நீருக்கடியில் இருப்பதுபோல் ஆயிற்று.

அடுத்தது துள்ளும் நீர். மீன்தொட்டி ஒட்டப் பயன்படும் நிறமற்ற சிலிக்கோன் பசையைப் பாலிதீன் தாளின்மேல் கோடு கோடாக இட்டு, குச்சியால் ஒரே திசையில் இழுத்துவிட்டோம். மறுநாள் உரித்தெடுத்தபோது அது அருவித் துண்டாகக் கையில் வந்தது. பாறைகளுக்கிடையே அதை ஒட்டினோம். வெள்ளை வண்ணத்தைத் தூரிகையில் தோய்த்து, துணியில் நன்கு துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் உராய்ந்து செல்லுமாறு தடவினோம். வெண்மையைப் பாறைக்குக் கீழ்ப்புறத்தில் மட்டுமே இடவேண்டும். எல்லா இடத்திலும் இட்டால் ஆறு சோப்பு நீராகிவிடும். வார்னிஷும் சிலிக்கோனும் நெடி உடையவை. திறந்த வெளியில், பெரியோர் உடனிருந்து செய்க.

பலகை நிறைவுற்ற மாலையில் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொன்னோம். மேலே, தேக்கடிப் பக்கத்தில், 1895-ஆம் ஆண்டு முதல் இதே பெரியாற்று நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பி வைகையில் சேர்கிறது; மதுரைச் சீமையின் வயல்கள் அதனால் விளைகின்றன. எஞ்சியது மேற்கே வந்து ஆலுவாவில் இறைக்கப்பட்டுக் கொச்சியின் குழாய்களுக்குச் செல்கிறது. உறவினர் ஊரையும் நம் ஊரையும் ஓர் ஆறே வளர்க்கிறது என்றபோது, அத்தை பேத்தியைப் பார்த்து, “அப்படியானால் அதை ஓரத்தில் வைக்காதே, நடுவிலே வை” என்றார். அருகில் நீலத்தாள் காவிரியும் இருந்தது. இரண்டுக்கும் இடம் போதியதாக இருந்தது.

பிள்ளைகள் எந்த ஊரில் வளர்கிறார்களோ அந்த ஊரின் நீரை அவர்கள் கொலுவில் வைக்கட்டும். காயலாயினும் கடலாயினும், செய்வதற்கு முன் ஒருமுறை சென்று நின்று பார்க்கட்டும். பெற்றோரின் ஆற்றை அதனால் அவர்கள் மறந்துவிட மாட்டார்கள். ஓர் ஆற்றைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மற்றோர் ஆறும் விளங்கும். விசயதசமி முடிந்ததும் பலகையை ஆற்றில் விடவேண்டா. சிலிக்கோனும் தெர்மோகோலும் கரையா. துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள், ஆண்டுதோறும் பயன்படும். ஆற்றங்கரையில் குடியிருப்போர் மாடிப் பரணில் வைப்பது நலம்.